எங்க ஒக்காந்து முடிவெடுக்குறீங்க ஆச்சி?

2022 மே மாசம், நல்ல வெயில். காரைக்குடி செக்காலை ரோட்டுல எங்க ஆடிட்டர் ஆபீஸ் மாடியில, ஃபேனுக்கு நேர் கீழ ஒக்காந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அவர்கிட்ட நீட்டுனேன். அதுக்குள்ள அமெரிக்காவுல டெலவேர் மாநிலத்துல நான் ஆரம்பிச்ச எல்எல்சிங்கிற சின்னக் கம்பெனியோட சர்டிஃபிகேட், அந்த எல்எல்சி பேர்ல ஒரு அமெரிக்க பேங்க் கணக்கோட ஸ்டேட்மென்ட், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டு ரெண்டையும் பொறுமையா படிச்சார். வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு கேப்பார்னு நெனச்சேன், கேக்கல.

“ஆச்சி, இந்தக் கம்பெனிக்கு முடிவெல்லாம் நீங்க எங்க ஒக்காந்து எடுக்குறீங்க?”

“கண்டனூர் வீட்டுலதான் சார். ரெண்டாங்கட்டுல மேசை போட்டிருக்கேன், அங்கதான் எல்லாம்.”

“அப்ப இது கண்டனூர்க் கம்பெனி ஆச்சி. பேர்தான் டெலவேர்.”

அன்னைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வரியைப் புரிஞ்சுக்க எனக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு, கையில இருந்த பணமும் கொஞ்சம் போச்சு. ஊர்ல ஒக்காந்துக்கிட்டு வெளிநாட்டுக்கு வேலை பாக்குற தம்பி தங்கச்சிங்க இப்ப எங்கிட்ட கேக்குற கேள்வியெல்லாம் அந்த ஒரு எடத்துலதான் வந்து நிக்குது. அதனாலதான் ஒக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் பண்ணுறது டேட்டா வேலை. கம்பெனிகளோட சேல்ஸ், ஸ்டாக் கணக்கெல்லாம் ஒரு சிஸ்டத்துலேருந்து இன்னொரு சிஸ்டத்துக்கு ஒழுங்கா போய்ச் சேர்றதுக்கு டிசைன் பண்ணிக் குடுக்குறது. பெங்களூர்ல பதிமூணு வருஷம் சம்பளத்துக்கு இருந்துட்டு, அப்பச்சிக்கு, எங்க அப்பாவுக்கு, ஒடம்பு முடியாமப் போனப்ப ஊருக்கு வந்தேன், வந்தவ அப்படியே தங்கிட்டேன். 2019லேருந்து கான்ட்ராக்ட்தான். மொதல்ல ஒரு அமெரிக்க கிளையன்ட், அப்புறம் ஆஸ்திரேலியாவுல ஒண்ணு, நடுவுல தென்கிழக்கு ஆசியாவுல ஒண்ணு. மாசா மாசம் இன்வாய்ஸ் போடுவேன், டாலர் வந்து பேங்க்ல ரூபாயா விழும். ரெண்டு வருஷம் எந்தச் சிக்கலும் இல்ல.

2021 கடைசியில ஆன்லைன்ல கம்பெனி தொடங்கிக் குடுக்குற ஒரு ஏஜென்சிக்காரங்க பேசுனாங்க. பேர் வேணாம். அவங்க சொன்னது இதுதான்: உங்க பேர்ல பணம் வாங்கினா இந்தியாவுல வரி கட்டணும், அமெரிக்காவுல ஒரு எல்எல்சி வச்சு அது பேர்ல வாங்கினா அங்கயும் வரி கெடையாது, இங்கயும் பணத்தைக் கொண்டு வர்றப்பத்தான் வரி, அதுவரைக்கும் அங்கயே வளரும். நான் நம்பிட்டேன். அழகா ஒரு சர்டிஃபிகேட் வந்துச்சு, கிளையன்ட்டும் எல்எல்சி பேரைப் பார்த்தா மதிப்பாங்கன்னு ஒரு ஆசையும் இருந்துச்சு.

அதுல பாதி உண்மை இருக்குறதுதான் ஆபத்து. அமெரிக்காவுல எனக்கு வரி இல்லைங்கிறது உண்மை. ஆனா அது எல்எல்சியால இல்ல. அமெரிக்கச் சட்டப்படி வேலை எங்க செய்யப்படுதோ அந்த நாட்டு வருமானம்தான் அது. நான் கண்டனூர்ல ஒக்காந்து செய்யுற வேலைக்கு வர்ற காசு அவங்களுக்கு வெளிநாட்டு வருமானம், அதுல அவங்க 30 சதவீதம் புடிக்க வேண்டிய அவசியமே இல்ல. அதுக்கு நான் குடுக்க வேண்டியது டபிள்யூ-8பென்னுன்னு ஒரு ஃபார்ம், நான் அமெரிக்கர் இல்லைன்னு கையெழுத்துப் போட்டு கிளையன்ட்கிட்ட குடுத்தாப் போதும், போட்ட வருஷம் போக இன்னும் மூணு காலண்டர் வருஷம் செல்லும். அது நான் 2019லயே குடுத்ததுதான். ஆக என்கிட்ட ஏற்கெனவே இருந்த ஒண்ணையே எனக்குக் காசுக்கு வித்திருக்காங்க.

இன்னொரு பாதி முழுப் பொய். இந்தியாவுல ரெசிடெண்டா, அதாவது வரிச் சட்டக் கணக்குல இங்க குடியிருக்குறவங்களா, இருக்குறவங்களுக்கு உலகத்துல எந்த மூலையில வருமானம் வந்தாலும் இங்க வரி உண்டு. கொண்டு வந்தியா, அங்கயே வச்சிருக்கியாங்கிறது கேள்வியே இல்ல. அதோட ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுல சம்பாதிச்ச காசை வெளிய தேக்கி வைக்காம உரிய காலத்துக்குள்ள ஊருக்குக் கொண்டு வந்தாகணும்.

இந்த “கொண்டு வந்தாத்தான் வரி”ங்கிறது எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சா அது எங்க ஊர்ப் பழைய கதை. பர்மாவுலயும் மலாயாவுலயும் சிலோன்லயும் எங்க ஊர்ச் செட்டியாருங்க லேவாதேவி பண்ணுன காலத்துல சட்டம் நெசமாவே அப்படித்தான் இருந்துச்சு. 1922ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துல வெளிநாட்டுல வந்த லாபத்தை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள கொண்டு வந்தாத்தான் வரி. 1939ல அதைத் திருத்தி, ரெசிடெண்டா இல்லையான்னு பாக்குற முறையைக் கொண்டு வந்தாங்க, அப்பலேருந்து உலக வருமானம் பூராவும் உள்ள வந்துருச்சு. எண்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன சட்டத்தை வச்சு எனக்கு 2021ல ஒரு கம்பெனியை வித்துட்டாங்கன்னு நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல.

எல்லைங்கிறதும் அப்ப கடலுக்கு அங்கிட்டு மட்டும் இல்ல. எங்க செட்டிநாட்டுக்குள்ளயே ஓடுச்சு. காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூரெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா. ராயவரம், அரிமளம், ராமச்சந்திரபுரமெல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம், 1948 மார்ச் வரைக்கும் அது தனி ராஜ்யம், பிரிட்டிஷ் இந்தியாவோட வருமான வரிச் சட்டம் அங்க செல்லாது. பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குற ரெண்டு ஊரு, வரிக்கு மட்டும் ரெண்டு நாடு. எந்த ஊர்ல வீடு, எந்த ஊர்ல கணக்கு, எந்த ஊர்ல முடிவுன்னு பிரிச்சுப் பாக்குற பழக்கம் நம்ம பக்கத்துக்குப் புதுசே இல்ல.

ஆடிட்டர் சார் அன்னைக்கு எனக்கு ஒரு வழக்கைச் சொன்னார். சுப்பய்யா செட்டியார் வழக்கு, 1950ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, வரி படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானாம், எனக்குத்தான் அன்னைக்குப் புதுசு. அவங்க குடும்பத்தோட கொழும்புல இருந்தாங்க, யாவாரம் கொழும்புல. ஒரு வருஷத்துல 101 நாள் மட்டும் இங்க வந்து போயிருக்காங்க. கூட்டுக் குடும்பத்து வருமானம் இங்க வரிக்கு வருமாங்கிறது கேள்வி. சட்டம் என்ன சொல்லுதுன்னா, நிர்வாகமும் கட்டுப்பாடும் முழுக்க முழுக்க வெளியதான் இருந்துச்சுன்னு காட்டினாத்தான் அந்தக் குடும்பம் நான்-ரெசிடெண்ட். அதைக் காட்டுறதுக்கு கொழும்புக் கடைக்கு எங்கேருந்து உத்தரவு போச்சுங்கிற கடிதப் போக்குவரத்து ஃபைலைக் கேட்டிருக்காங்க. அது கோர்ட் வரைக்கும் வந்து சேரவே இல்ல. தோத்துட்டாங்க.

“யாவாரம் கொழும்புல, வீடு கொழும்புல, பொண்டாட்டி புள்ளைக கொழும்புல. அப்படியிருந்தும் ஒரு ஃபைல் இல்லாம தோத்தாங்க ஆச்சி. உங்களுக்கு டெலவேர்ல என்ன இருக்கு?”ன்னார். எனக்கு அங்க ஒரு தபால் முகவரி இருந்துச்சு. அதுவும் ஏஜென்சிக்காரங்களோடது.

இப்ப கம்பெனிகளுக்கு அதே கேள்வியைத்தான் வேற வார்த்தையில கேக்குறாங்க. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோட முக்கியமான முடிவெல்லாம் உண்மையில எங்க எடுக்கப்படுதோ அந்த எடம் இந்தியாவா இருந்தா அது இந்திய ரெசிடெண்டாக் கணக்காகி இங்க வரி கட்டணும், 2017-18 அசெஸ்மென்ட் வருஷத்துலேருந்து இது நடைமுறை. இதுக்கு ஒரு பதிலைத் தயாரா வச்சிருக்காங்க இந்த ஏஜெண்டுகள்: வருஷம் 50 கோடிக்குக் கீழ வரவு இருக்குற கம்பெனிகளுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாதுன்னு 2017 பிப்ரவரியில வரித்துறை போர்டே சர்க்குலர் போட்டிருக்கே, நீங்க ஏன் பயப்படுறீங்கன்னு. சர்க்குலர் இருக்குறது நெசம். ஆனா அதோட கதை முடியல. அந்தக் கம்பெனிக்கு இருக்குற ஒரே ஆள் நான், நான் செய்யுற வேலை பூராவும் என் வீட்டு ரெண்டாங்கட்டுல நடக்குது. அப்ப அந்தக் கம்பெனிக்கு இந்தியாவுல ஒரு யாவாரத் தொடர்பு இருக்கு, நிலையான எடம் இருக்கு, அது சம்பாதிச்சதுல இங்க செஞ்ச வேலைக்கான பங்கு இங்கதான் வரிக்கு வரும், அதுவும் அந்நியக் கம்பெனிக்கு உண்டான கூடுதல் ரேட்டுல. முன் கதவைச் சாத்துனா பின் கட்டு வழியா வருது.

எல்எல்சியைக் கழட்டிவிட நான் பட்ட பாட்டையும் சொல்லிடுறேன். வெளிநாட்டுக்காரர் ஒருத்தரே முழுசா வச்சிருக்குற அமெரிக்க எல்எல்சி, வரியே இல்லைன்னாலும், வருஷா வருஷம் ஃபார்ம் 5472ன்னு ஒண்ணைக் குடுக்கணும், ஒரு டம்மி 1120 ஃபார்மோட சேர்த்து. குடுக்கலைன்னா அபராதம் 25,000 டாலர். இதை ஏஜென்சியில யாரும் எனக்குச் சொல்லல. நான் ஆடிட்டர்கிட்ட போறப்பவே ஏப்ரல் கெடு தாண்டிருச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. 25,000 டாலர்னா அப்ப 19 லட்சத்துக்கு மேல. அமெரிக்க ஃபைலிங் தெரிஞ்ச ஒருத்தரை மெட்ராஸ்ல புடிச்சு, தாமதத்துக்குக் காரணம் எழுதி, அந்த ஃபார்மை ஃபேக்ஸ்ல அனுப்பினோம், அதை இந்தக் காலத்துலயும் ஃபேக்ஸோ தபாலோதான் வாங்குறாங்க. நோட்டீஸ் வரல. எங்க ஊர் அம்மனுக்கு அபிஷேகம் பண்ணுனேன்.

இந்தியப் பக்கம் ரெண்டு பாக்கி. ஒண்ணு, வெளிநாட்டுக் கம்பெனியில பங்கு வாங்குனா பேங்க் மூலமா ரிசர்வ் பேங்க்குக்கு ரிப்போர்ட் பண்ணணும், அப்புறம் அது இருக்குற வரைக்கும் வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள அதோட நிலவரத்தைச் சொல்லணும். 2022 ஆகஸ்ட்ல வந்த புது ரூல்ஸ்ல லேட் ஃபீ கட்டி சரி பண்ணிக்க வழி இருந்துச்சு, அதுல போனேன். ரெண்டாவது, வருமான வரி ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்ஏங்கிற பட்டியல். வெளிநாட்டுல இருக்குற பங்கு, பேங்க் கணக்கு, நீ கையெழுத்துப் போடுற உரிமை மட்டும் இருக்குற கணக்குகூட அதுல வரணும், அதுவும் ஏப்ரல்-மார்ச் இல்ல, ஜனவரி-டிசம்பர் கணக்குல. விட்டா 2015ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம் போடலாம். 2024 அக்டோபர்லேருந்து நிலம் வீடு தவிர்த்த சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லைன்னு தளர்த்தியிருக்காங்க, ஆனா காட்ட வேண்டியது காட்டித்தான் ஆகணும். வெளிநாட்டுச் சொத்து இருந்தா சின்ன ரிட்டர்னான ஐடிஆர்-4 போட முடியாது, ஐடிஆர்-3க்குப் போகணும். டெலவேருக்குக் கட்ட வேண்டிய வருஷ வரி 300 டாலரையும் கட்டி, 2022 டிசம்பர்ல மூடினேன். எல்லாம் சேர்ந்து ரெண்டரை லட்சத்துக்குப் பக்கம். ஒரு பைசா வரி மிச்சம் ஆகல.

சரி, இதெல்லாம் இல்லாம சாதாரணமா என் பேர்லயே வேலை பார்த்திருந்தா என்ன ஆயிருக்கும்? இந்த எடத்துலதான் நெறைய பேருக்கு விவரம் தெரியாம இருக்கு.

வருமான வரிச் சட்டத்துல செக்ஷன் 44ஏடிஏ. 2026 ஏப்ரல் 1லேருந்து 1961 சட்டத்துக்குப் பதிலா 2025 சட்டம்ங்கிறதால நம்பரெல்லாம் வேற, நான் பழகின நம்பரையே எழுதுறேன், விஷயம் அதேதான். டெக்னிக்கல் கன்சல்டன்சி, இன்ஜினியரிங் மாதிரி குறிப்பிட்ட தொழில்ல இருக்குற ரெசிடெண்ட் தனி ஆள், வரவுல 50 சதவீதத்தை லாபம்னு காட்டி வரி கட்டலாம், செலவுக் கணக்கு புத்தகமெல்லாம் காட்ட வேண்டியதில்ல. வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும். ரொக்கமா வாங்குறது 5 சதவீதத்தைத் தாண்டலைன்னா 75 லட்சம் வரைக்கும். நமக்கு எல்லாமே பேங்க்லதான வருது. உன் வேலை அந்தத் தொழில் பட்டியல்ல வருதாங்கிறதை மட்டும் உன் காண்ட்ராக்ட்டைக் காட்டி ஆடிட்டர்கிட்ட உறுதி பண்ணிக்கணும், எல்லா கம்ப்யூட்டர் வேலையும் டெக்னிக்கல் கன்சல்டன்சி ஆகாது. நெசமான லாபம் 50க்கு மேலன்னு தெரிஞ்சா அதைக் காட்டுறதுதான் முறைன்னும் எங்க ஆடிட்டர் சொல்லுவார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷ வரவு 40 லட்சம். பாதி 20 லட்சம் லாபம். 2025-26 வருஷத்துப் புது ரெஜிம்ல அதுக்கு வரி 2 லட்சம், செஸ் சேர்த்து 2,08,000. அதே 40 லட்சத்தை ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பிச்சு அது வழியா வாங்குறேன், ஆறு லட்சம் செலவு போக 34 லட்சம் மிச்சம்னு வைங்க. கம்பெனியிலயே விட்டா 25.168 சதவீதம், எட்டரை லட்சத்துக்கு மேல, அப்புறம் டிவிடெண்டா எடுக்குறப்ப என் கையில திரும்ப வரி. பூராவையும் எனக்குச் சம்பளமாக் குடுத்துட்டாக்கூட ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 75,000 போக ஏறக்குறைய 6 லட்சம். ரெண்டு லட்சம் எங்க, ஆறு லட்சம் எங்க. கம்பெனிக்கும் எல்எல்பின்னு சொல்லுற கூட்டு நிறுவனத்துக்கும் இந்த 44ஏடிஏ கெடையவே கெடையாது. கம்பெனி வச்சா வரி கொறையும்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கே, என் அளவுல வேலை பாக்குறவங்களுக்கு அது அப்படியே தலைகீழ். மேல ஆடிட் கட்டாயம், ரெண்டு டைரக்டர், ரெண்டு வருஷாந்திர ஃபார்ம், லேட்டானா ஒவ்வொரு ஃபார்முக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய்.

அப்ப கம்பெனியே வேணாமான்னா, வேணும், அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. என் கூட பெங்களூர்ல வேலை பார்த்த ஒருத்தி இப்ப தேவகோட்டையில ஆறு பேரை வச்சு வேலை வாங்குறா. அவளோட வரவு 75 லட்சத்தைத் தாண்டிருச்சு, கிளையன்ட் குடுத்த ஒப்பந்தத்துல ஏதாவது தப்பு நடந்தா நஷ்டம் பூராவும் நீதான்னு ஒரு ஷரத்து. தனி ஆளா அதுல கையெழுத்துப் போட்டா வீடும் நகையும் சேர்ந்து மாட்டும். அவளுக்கு பிரைவேட் லிமிடெட் சரி. பொறுப்பை வீட்டுலேருந்து பிரிக்கிறதுக்குத்தான் கம்பெனி. அதுக்காக ஆரம்பிக்கிறவங்க தெளிவா இருக்காங்க, வரிக்காக ஆரம்பிக்கிறவங்கதான் என்னை மாதிரி அலையுறாங்க.

ஜிஎஸ்டி பத்தி ரொம்பப் பேசல. சேவைக்கு வருஷம் 20 லட்சம் தாண்டினா பதிவு. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு அந்நியச் செலாவணியில வாங்கிச் செய்யுற வேலை ஏற்றுமதி, வரி சைபர், ஆனா எல்யூடின்னு ஒரு உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஆன்லைன்ல குடுக்கணும், இதை மறந்துட்டு ஜூலையில முழிக்கிறவங்களை நெறையப் பார்த்துட்டேன். பேங்க்ல ஒவ்வொரு வரவுக்கும் எஃப்ஐஆர்ஏன்னு ஒரு சீட்டு தருவாங்க, எதுக்காக வந்த பணம்னு பர்பஸ் கோடு போட்டு, சாஃப்ட்வேர் கன்சல்டன்சின்னா பி0802. அதை வாங்கி இன்வாய்ஸோட சேர்த்து வைக்கணும். ஏற்றுமதின்னு நிரூபிக்க அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

வெளிநாட்டுல வரி புடிச்சுட்டா என்ன பண்ணுறதுன்னு கேப்பாங்க. என் தென்கிழக்கு ஆசிய கிளையன்ட் 10 சதவீதம் புடிச்சுட்டுத்தான் அனுப்புனாங்க. அந்த வருமானத்தை முழுசா இங்க காட்டணும், கைக்கு வந்த 90ஐ மட்டும் இல்ல, 100ஐயும். அப்புறம் ஃபார்ம் 67 போட்டு, புடிச்சதுக்கு ஆதாரம் வச்சு, இங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். அந்த வருமானத்துக்கு இங்க எவ்வளவு வரி வருதோ அதுக்கு மேல கழிக்க முடியாது. 44ஏடிஏவுல பாதிதான் வருமானம்ங்கிறதால எனக்கு அவங்க புடிச்சதுல கொஞ்சம் போச்சு, அடுத்த ஒப்பந்தத்துல விலையைச் சேர்த்துத்தான் போட்டேன்.

இதுலயும் ஒரு செட்டிநாட்டு வழக்கு இருக்கு. மலேசியாவுல ஈப்போவுல ரப்பர் தோட்டம் வச்சிருந்த ஒரு ஃபர்ம், குழந்தகன் செட்டியார் வழக்கு, 2004ல சுப்ரீம் கோர்ட். மலேசியாவோட போட்ட வரி ஒப்பந்தப்படி அங்க உள்ள வருமானத்துக்கு இங்க வரி போட முடியாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டு “வெளிநாட்டுல வரி கட்டிட்டா இங்க காட்டவே வேணாம்”னு சொல்லுறவங்க இன்னமும் இருக்காங்க. 2008 ஆகஸ்ட்ல மத்திய அரசு அறிவிக்கை போட்டுருச்சு: ஒப்பந்தத்துல அந்த நாட்டுல வரி போடலாம்னு இருந்தா, இங்கயும் சேர்த்துக் காட்டி, அங்க கட்டினதைக் கழிச்சுக்கணும். தோட்டம் வச்சிருந்தவங்க ஜெயிச்சாங்க. அந்தத் தீர்ப்பை வச்சு நாம வரியைத் தவிர்க்க முடியாது.

நாள் கணக்கு ஒண்ணு பாக்கி. எங்க அயித்தான் ஒருத்தர் துபாய்ல கான்ட்ராக்ட்ல இருக்காக. குலதெய்வப் படைப்பு, கும்பாபிஷேகம், வீட்டு மராமத்துன்னு ஒரே வருஷத்துல நாலு தடவை வந்துட்டாக. வெளிநாட்டுல இருக்குற இந்தியர் ஊருக்கு வந்து போறப்ப 182 நாள் ஆயிட்டா ரெசிடெண்ட்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனா 2020லேருந்து, இந்தியாவுல உள்ள வருமானம், வாடகை, வட்டியெல்லாம் சேர்த்து, 15 லட்சத்தைத் தாண்டினா 120 நாள்லயே மாட்டிக்கலாம், முந்தின நாலு வருஷத்துல 365 நாள் இங்க இருந்திருந்தா. அவகளுக்குக் காரைக்குடியில கடை வாடகை இருக்கு. பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரையெல்லாம் எண்ணினப்ப 117. 120க்கு மூணு நாள்தான் கொறைச்சல். அப்பலேருந்து பாஸ்போர்ட் பக்கத்தையெல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்கிறாக.

நம்ம நகரத்தார் கோயில்ல புள்ளி வரி இருக்குல்ல, கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, நீ சிங்கப்பூர்ல இருந்தாலும் சிகாகோவுல இருந்தாலும் உன் கோயிலுக்கு உன் புள்ளி உண்டு. அமெரிக்கா அதோட குடிமக்கள்கிட்ட வரி வாங்குறது ஏறக்குறைய அந்த மாதிரி, எங்க இருந்தாலும் விடாது. இந்தியா அப்படி இல்ல, எத்தனை நாள் எங்க தங்குனன்னுதான் மொதல்ல பாக்குது. அயித்தானுக்கு இதை இப்படிச் சொன்னப்பத்தான் சட்டுன்னு புரிஞ்சுச்சு.

நாம அங்க போனாலும் இதே கதைதான். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்துல, தனி ஆளா தொழில் பண்ணுறவங்க ஒரு வரி வருஷத்துல 90 நாளுக்குக் கொறைவா, அங்க நிலையான எடம் இல்லாம வேலை பார்த்தா அங்க வரி இல்லைன்னு இருக்கு. இது வரி மட்டும். விசா தனி, டூரிஸ்ட் விசாவுல போய் லேப்டாப்பைத் தொறந்து கிளையன்ட் ஆபீஸ்ல ஒக்காரலாம்னு எந்த வரி ஒப்பந்தமும் சொல்லல.

கிளையன்ட்டுக்கும் நம்மளால ஒரு ஆபத்து உண்டு, அதை எங்க ஐயா கதையை வச்சுத்தான் நான் புரிஞ்சுக்கிட்டேன். எங்க ஐயா, அப்பச்சியோட அப்பா, பர்மாவுல பெகுங்கிற ஊர்ல, ஒரு தேவகோட்டை விலாசத்துக்கு, அதாவது லேவாதேவிக் கடைக்கு, மேலாளா இருந்தாக. மொதல்ல பெட்டியடிப் பையனாப் போய், அடுத்தாளாகி, அப்புறம் மேலாள். மூணு வருஷக் கணக்குக்குப் போவாக. சம்பளச் சீட்டு எழுதி, பவர் எழுதிக் குடுத்து அனுப்புவாக. முதலாளி தேவகோட்டையில இருப்பாக, அங்க மேலாள் யாருக்குக் கடன் குடுக்கணும்னு முடிவு பண்ணிக் கையெழுத்துப் போட்டா அது முதலாளி போட்ட மாதிரி. இன்னைக்கு வரிச் சட்டத்துல அந்த மாதிரி ஆளைத்தான் சார்பு ஏஜெண்ட்டுங்கிறாங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்காக இங்க ஒருத்தர் வழக்கமா ஒப்பந்தம் முடிச்சுக் குடுத்தா, அந்தக் கம்பெனிக்கே இந்தியாவுல ஒரு நிலையான எடம் இருக்குறதா ஆயிரும், அது இங்க வரி கட்ட வேண்டி வரும். என் ஆஸ்திரேலிய கிளையன்ட் ஒரு தடவை, இந்தியாவுல ரெண்டு வாடிக்கையாளர்கிட்ட பேசி நீயே விலை முடிச்சுக் குடுத்துருன்னு கேட்டாங்க. நான் விளக்கம் எழுதி அனுப்புனேன், அவங்க வக்கீல் போன் பண்ணி நன்றி சொன்னார்.

ஐயா மாசா மாசம் பெகுலேருந்து கணக்கு எழுதி தேவகோட்டைக்குத் தபால்ல அனுப்புவாகளாம். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை. தனக்குன்னு வாங்கிப்போட்ட கொஞ்ச நெலத்தோட பத்திரம் மட்டும் அங்கயே பெட்டியில இருந்துச்சு. 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல குண்டு விழுந்தப்புறம் கப்பல்ல எடம் கெடைக்காம நடந்தே வந்தவங்கள்ல அவகளும் ஒருத்தர். முதலாளியோட கணக்கெல்லாம் இங்க பத்திரமா இருந்துச்சு, ஏன்னா அனுப்பிட்டாக. தன்னோட காகிதம் ஒண்ணுகூட வரல. கடைசி வரைக்கும் அந்த நெலத்தைப் பத்தி கேக்க ஐயாகிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லைன்னு அப்பச்சி சொல்லுவாக, சொல்லுறப்ப குரல் எறங்கிடும்.

அதனாலதான் இப்ப எங்க வீட்டுல ரெண்டாங்கட்டு அலமாரியில வருஷத்துக்கு ஒரு ஃபைல். ஒப்பந்தம், இன்வாய்ஸ், எஃப்ஐஆர்ஏ, எல்யூடி நகல், டபிள்யூ-8பென், பாஸ்போர்ட் பக்கம், முக்கியமான முடிவு எடுத்த மெயிலெல்லாம் பிரிண்ட் எடுத்து. ஆடிட்டர் வருஷா வருஷம் மார்ச் முதல் வாரம் அதைப் புரட்டிப் பார்த்துட்டு, 15ஆம் தேதிக்குள்ள கட்ட வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸைச் சொல்லுவார், 44ஏடிஏக்காரங்களுக்கு நாலு தவணை கெடையாது, அந்த ஒரே தேதிதான்.

நாளைக்கு சாயங்காலம் எங்க தெருக் கோடி வீட்டுத் தம்பி வர்றான். துபாய்ல ஃப்ரீசோன் கம்பெனி போட்டா வரியே இல்லைன்னு யாரோ சொல்லி, அட்வான்ஸ் குடுக்குற வரைக்கும் போயிட்டானாம். 2023 ஜூன்லேருந்து அங்கயும் 9 சதவீதக் கம்பெனி வரி வந்துருச்சுங்கிறது அவனுக்குத் தெரியல. அதெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். வந்தவொடன அவங்கிட்ட கேக்குறதுக்கு எங்கிட்ட ஒரு கேள்விதான் இருக்கு, அந்த செக்காலை ரோட்டு மாடியில எங்கிட்ட கேட்டது.